ஏரியில் பாதுகாப்புக் காலணி

விரால் தவளையை அடிக்கும் சத்தத்தை நான் முதன்முதலாகக் கேட்டது அறுபதாவது வயதில். ஈரத்துணியைக் கல்லில் ஓங்கி அறைந்தது போல ஒரே ஒரு சத்தம். இரண்டு தாமரை இலைகள் மடங்கின. தண்ணீர் குழிந்து மூடிக்கொண்டது. மேலே மிதந்துகொண்டிருந்த என் ஸ்பாஞ்சுத் தவளையைக் காணவில்லை. முப்பத்து நான்கு வருடம் தொழிற்சாலைகளில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவன் நான். திடீர்ச் சத்தம் கேட்டால் எந்தப் படிவம், எத்தனை நகல் என்றுதான் எனக்குத் தோன்றும். அன்று எதுவும் தோன்றவில்லை. "ஐயோ!" என்று சந்தோஷத்தில் கத்திவிட்டேன். கத்தியபடியே கம்பைத் தூக்கினேன். மீன் போய்விட்டது. தூக்கியிருக்கக் கூடாது என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தச் சத்தத்தை மறுபடி கேட்பதற்காக வாரத்துக்கு மூன்று நாள் ஏரிக்குப் போக ஆரம்பித்தேன்.

கம்பு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். 2010இல் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றேன். விழாவில் எல்லோரும் சால்வையும் சுவர்க் கடிகாரமும் தந்தார்கள். ஓய்வு பெற்றவனுக்கு எதற்குக் கடிகாரம் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. பிரஸ் மெஷின் நிறுவ வந்திருந்த வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர் மட்டும் ஒரு நீண்ட அலுமினியக் குழாயைக் கொடுத்தார். அதற்குள் நான்கு துண்டுகளாகக் கழலும் கார்பன் கம்பு. கூடவே கயிறு சுற்ற ஒரு சிறிய சக்கரம், மஞ்சள் நிறத்தில் தடித்த கயிறு, ஒரு டப்பா நிறையக் கொசு. கொசு என்றால் இறகும் நூலும் வைத்துக் கட்டிய பொய்ப்பூச்சிகள். ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு கொக்கி. கேன்டீனுக்குப் பின்னால் இருந்த புல்தரையில் என் பணியின் கடைசி இரண்டு நாள் மதிய இடைவேளைகளில் அவர் எனக்கு வீசக் கற்றுக்கொடுத்தார்.

நம்மூர்த் தூண்டிலில் ஈயக்குண்டு பறக்கும், நூல் அதன் பின்னால் போகும். இதில் தலைகீழ். பொய்ப்பூச்சிக்கு எடையே கிடையாது. எடை முழுக்கக் கயிற்றில். கயிற்றைத்தான் வீசுகிறோம், பூச்சி சும்மா கூடப் போகிறது. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, கம்பைப் பின்னால் காது வரை கொண்டுபோய்ச் சட்டென்று நிறுத்த வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் கயிறு முழுதாக நீண்டு முடிக்கும் வரை. அதன் பிறகே முன்னால் வீச்சு, கண்ணுக்கு நேராக மறுபடி நிறுத்தம். பலத்தைக் கூட்டினால் கயிறு நம் தலையிலேயே விழும். பொறுமையாக நிறுத்தத் தெரிந்தவனுக்கு அது முப்பதடி தூரத்தில் மூச்சு விடுவது போல இறங்கும். முதல் தடவை அப்படி இறங்கியபோது கேன்டீன் ஆட்கள் கை தட்டினார்கள். எனக்குக் கிடைத்த கடைசிப் பதவி உயர்வு அதுதான்.

ஸ்ரீபெரும்புதூரில் வீட்டு மொட்டை மாடியில் தினமும் பயிற்சி. பயிற்சிக்குக் கொக்கி கூடாது, நுனியில் ஒரு கம்பளி நூல் முடிச்சு போதும் என்பது விதி. மூன்றாம் நாளே விதியை மீறினேன். கொக்கி என் சட்டையைத் துளைத்துத் தோளில் ஏறியது. அதைக் கழற்றியவர் என் மனைவி. அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். டிஞ்சர் வைத்து முடித்த பிறகு சொன்னார்.

"ஏங்க, இத்தோட சரி. இன்னொரு தடவை ஏதாவது ஒண்ணு ஆச்சு, உங்களுக்கோ கூட வர்றவங்களுக்கோ, இந்தக் கம்பு பரணுக்குப் போயிடும். அப்புறம் கெஞ்சக் கூடாது."

"பூஜ்ஜிய விபத்து," என்றேன், பழைய பழக்கத்தில்.

"அதை உங்க கம்பெனி கேட்ல எழுதி வச்சிருந்தீங்க. நானும் பார்த்தேன். கீழே விபத்தில்லாம எத்தனை நாள்னு போட்ட நம்பர் மறுபடி மறுபடி ஒண்ணுக்கே வந்துச்சு."

வல்லக்கோட்டை போகும் வழியில் உள்ளே தள்ளி ஓர் ஏரி. கரையில் தொழிற்சாலைப் பஸ் ஒன்று நிற்கும். அதன் டிரைவர் என்னை ஆறு வருடம் அலுவலகத்துக்கு ஏற்றிச் சென்றவர்; பக்கத்து ஊர்க்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும். முதல் ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டால் மதியம் இரண்டரை வரை அவருக்கு வேலை இல்லை. மற்ற டிரைவர்கள் சீட்டில் படுத்துத் தூங்குவார்கள். இவர் மண்புழுவோடு கரையில் உட்கார்ந்திருப்பார். நான் கம்பை வீசுவதை முதல் நாள் கால் மணி நேரம் பார்த்தார்.

"இன்னா சார், செவுத்துக்குப் பெயின்ட் அடிக்கிறியா?"

"மீன் பிடிக்கிறேன்யா."

"புழு எங்க?"

"புழு கிடையாது. இறகு."

"மீனு இன்னா காது குடையப் போவுதா?"

சிரித்தபடியே பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். அரை மணி நேரத்தில் என் கொசு ஒன்றை ஜிலேபிக் கெண்டை கவ்வியபோது என்னைவிட உயரமாகக் குதித்தது அவர்தான். அன்றிலிருந்து இருவரும் கூட்டாளிகள். என் மனைவி கட்டிக் கொடுக்கும் இட்லிப் பொட்டலம் ஒன்று இரண்டானது.

விராலுக்குக் கொசு பிடிக்காது, தவளைதான் வேண்டும் என்று சொன்னவர் அவர். கிழிந்த பஸ் சீட்டிலிருந்து ஸ்பாஞ்சு எடுத்து வெட்டி, பச்சை மார்க்கர் பூசி, கறிக்கடையில் வாங்கிய சேவல் இறகைப் பின்னங்காலாகக் கட்டினார். பார்த்தால் தவளைக்கே சந்தேகம் வரும். அடிக்கும் சத்தம் கேட்டதும் இழுக்கக் கூடாது என்பதும் அவர் சொன்னதுதான். "அது மொதல்ல அடிக்கும் சார். அப்பாலதான் முழுங்கும். ரெண்டு எண்ணு." இரண்டு எண்ணிவிட்டு, கம்பைத் தூக்காமல், இடது கையால் கயிற்றை நேராக ஓர் இழுப்பு இழுக்க வேண்டும். கம்பைத் தூக்கினால் தவளை மட்டும் நம்மிடம் திரும்பி வரும்.

விதிகள் என் பங்கு. மின்கம்பி ஓடும் பக்கத்தில் கம்பைப் பொருத்தவே கூடாது. கார்பன், மின்சாரத்துக்குச் சொந்தக்காரன். இடிச் சத்தம் கேட்டால் கம்பைக் கீழே வைத்துவிட்டு பஸ்ஸுக்குள் போக வேண்டும். தொப்பியும் கண்ணாடியும் கட்டாயம். கொக்கியைக் கழலவிடாமல் பிடிக்கும் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிட வேண்டும். இதற்கு அவர் ரொம்பச் சிரித்தார். என் பின்வீச்சு அவர் காது மடலில் மாட்டி, கொக்கி வெண்ணெயில் கத்தி போலக் கழன்று வந்த அன்று சிரிப்பை நிறுத்தினார். அதை நாங்கள் வீட்டில் சொல்லவில்லை. ரத்தமே வரவில்லை, எனவே கணக்கில் வராது என்று எனக்கு நானே ஒரு சுற்றறிக்கை அனுப்பிக்கொண்டேன்.

முக்கியமான விதி, முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கக் கூடாது. இந்த வட்டாரத்து ஏரிகளின் தரை தரையே அல்ல. தொழிற்சாலை மனைகளை மேடாக்க வண்டி வண்டியாக மண் எடுத்த பள்ளங்கள் தண்ணீருக்கு அடியில் கிடக்கின்றன. என் ஆபீஸ் மேஜை நின்ற தரையே இந்த ஏரியின் வயிற்றிலிருந்து வந்தது என்று டிரைவர் சொல்வார். முழங்கால் ஆழத்தில் நடந்துகொண்டே இருப்போம், அடுத்த அடி பனைமர ஆழம். தாமரை இலைகள் கோடு போட்டது போல எங்கே சட்டென்று நிற்கின்றனவோ அங்கே பள்ளம் ஆரம்பம். பெரிய விரால்கள் குடியிருப்பதும் அந்த விளிம்பில்தான். எனவே விளிம்புக்கு நான்கடி முன்னால் ஒரு மூங்கில் நட்டு, தொழிற்சாலையில் மிஞ்சிய சிவப்பு வெள்ளை நாடாவைக் கட்டினேன். நடக்கும்போது முன்னால் தரையைத் தட்டிப் பார்க்க ஒரு கழி. கரையில் ஓர் இருபது லிட்டர் காலி வாட்டர் கேன், அதன் கைப்பிடியில் பதினைந்து மீட்டர் நைலான் கயிறு.

"ஏரிக்கு வாட்டர் கேன் எடுத்துக்கினு வர்ற ஒரே ஆளு நீதான் சார்."

கேனுக்கு ஒரு காரணம் இருந்தது. எனக்கு நீச்சல் தெரியாது. மூழ்குபவரைக் காப்பாற்றுவது எப்படி என்று வருடத்துக்கு இரண்டு முறை வகுப்பெடுத்தவன் நான். உங்களுக்கு நீந்தத் தெரியுமா என்று வகுப்பில் யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. வீட்டிலும் அப்படித்தான்.

கடைசி விதி காலணி. ஏரியில் பீர் பாட்டில் சில்லுகள் நிறைய. டிரைவர் வெறுங்காலோடு இறங்குவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. வீட்டில் மூன்று ஜோடி பாதுகாப்புக் காலணிகள் சும்மா இருந்தன. முனையில் இரும்புத் தகடு, கணுக்கால் வரை லேஸ். ஒரு ஜோடியை அவருக்குக் கொடுத்தேன். "இது போட்டா மீனு நம்மள சூப்பர்வைசர்னு நெனச்சுக்கும் சார்," என்றார். போட்டுக்கொண்டார். லேஸ் தொங்கினால் தடுக்கும், இரட்டை முடிச்சு போடுங்கள் என்று குனிந்து காட்டியது நான்தான்.

இரண்டு வருடம் எதுவும் நடக்கவில்லை. 2013இல் மழைக்காலம் முடிந்து ஏரி நிறைந்திருந்த ஒரு காலை. கம்பு அவர் கையில். நான் கரையில் அடுத்த தவளையைக் கட்டிக்கொண்டிருந்தேன். அவர் நாடாவுக்குப் பக்கத்தில் முழங்கால் ஆழத்தில் நின்று வீசினார். கயிறு பின்னால் நீண்டது, நின்றது, முன்னால் போய்ச் சரியாக இலைகளின் கடைசி வரிசையில் தவளையை வைத்தது. அவ்வளவு அழகு. ஒரு சின்ன இழுப்பு. இன்னொன்று.

டப்!

"ஒண்ணு, ரெண்டு," என்று இருவரும் ஒன்றாகக் கத்தினோம். அவர் இழுத்தார். கம்பு குடைக் கைப்பிடி போல வளைந்தது.

"சார்! மாட்டிக்கினு கீது சார்! இது மீனில்ல, எரும சார்!"

"கம்பைப் பக்கவாட்டில் சாய்! இலைக்குள்ள விடாதே!"

மீன் இலைகளை அறுத்துக்கொண்டு பள்ளத்தை நோக்கி ஓடியது. சக்கரம் கிரீச்சிட்டது. நானும் கத்தினேன், அவரும் கத்தினார். அந்த உற்சாகத்தில் அவர் நாடாவைத் தாண்டி ஓரடி வைத்ததை இருவருமே கவனிக்கவில்லை. இரண்டாவது அடியில் கால் கணுக்கால் வரை களிமண்ணில் இறங்கியது. அதை உருவப் பார்த்து மற்ற காலை முன்னால் வைத்தார். அங்கே தரை இல்லை.

தண்ணீர் அவர் தாடையில் இருந்தது. ஏரியிலேயே வளர்ந்தவர், மீன் போல நீந்துவார். ஆனால் ஒரு கால் களிமண்ணில் பூட்டிக் கிடந்தது. மற்ற காலில் காலணி நிறையத் தண்ணீர், இரும்புத் தகடு, இரட்டை முடிச்சு. வெறுங்காலாக இருந்திருந்தால் வழுக்கி வெளியே வந்திருப்பார். தலை ஒரு முறை உள்ளே போய் வந்தது. வலது கை மட்டும் மேலே நின்றது, கம்போடு.

தண்ணீருக்குள் ஓட என் கால் எழுந்தது. நிறுத்தினேன். நீந்தத் தெரியாத இரண்டாவது ஆள் உள்ளே போனால் இரண்டு பிணம் என்பது நானே கரும்பலகையில் எழுதிய வாக்கியம். கேனை எடுத்து வீசினேன். காற்று அதைப் பட்டம் போலத் தூக்கிப் பத்தடி தள்ளிப் போட்டது. காலி கேன் பறக்கும் என்று எந்தக் கையேட்டிலும் நான் எழுதவில்லை, ஏனென்றால் ஒரு நாளும் வீசிப் பார்க்கவில்லை. கயிற்றை இழுத்தேன். மூடியைத் திறந்து ஒரு சொம்பளவு தண்ணீர் உள்ளே விட்டு மூடினேன். இரண்டாவது வீச்சு அவர் தலையைத் தாண்டிப் போய் விழுந்தது. கயிறு அவர் தோள் மேல் கிடந்தது.

"கேனைப் பிடி! ரெண்டு கையாலயும் பிடி!"

"மீனு கீது சார்!"

"கம்பை விடுய்யா!"

"உன் கம்பு சார்!"

"யோவ்! மயி... கம்பை விடு!"

முப்பத்து நான்கு வருடப் பணியில் நான் வாயைத் திறந்து சொல்லாத வார்த்தையில் பாதி அது. அவருக்கே அதிர்ச்சியாகியிருக்க வேண்டும். கம்பை ஈட்டி போல இலைகளின் மேல் எறிந்துவிட்டுக் கேனைக் கட்டிப்பிடித்தார். நான் கரையில் மல்லாந்து படுத்து, குதிகாலை மண்ணில் ஊன்றி இழுத்தேன். நின்றுகொண்டு இழுத்தால் நம்மையும் சேர்த்துக்கொண்டு போய்விடும். முதலில் ஒன்றும் நகரவில்லை. பிறகு ஏதோ ஒன்று கழன்றது. காலணியைக் களிமண்ணுக்குக் கொடுத்துவிட்டு அவர் கால் மட்டும் வந்தது. தாமரைத் தண்டுகளைச் சுற்றிக்கொண்டு ஒரு பெரிய மூட்டை போலக் கரைக்கு வந்து சேர்ந்தார். இருமினார், தண்ணீர் கக்கினார், என்னைப் பார்த்தார்.

"சார், நீ கெட்ட வார்த்த பேசினே."

நான் பதில் சொல்வதற்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "சார் சார்! கம்பு போவுது சார்!"

கம்பு இலைகளின் மேல் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. மீன் இன்னும் அதில் இருந்தது! எழுந்து ஓடப் பார்த்தவரின் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தேன். கரையை விட்டு ஒருவரும் இறங்கவில்லை. கேனைக் கம்புக்கு அப்பால் வீசினேன். இப்போது எனக்குக் குறி பழகியிருந்தது. நைலான் கயிறு கம்பின் குறுக்கே விழுந்தது. மெதுவாக இழுக்க இழுக்கச் சக்கரம் கயிற்றில் மாட்டி, கம்பு இழுத்த இழுப்புக்குக் கரைக்கு வந்தது. எடுத்துக் கையில் பிடித்ததும் அந்தக் கனம் தோள் வரை ஏறியது. கம்பைத் தாழ்த்தி, பக்கவாட்டில் சாய்த்து, ஓடும்போது கயிறு விட்டு, நிற்கும்போது சுற்றி... பத்து நிமிடமோ இருபது நிமிடமோ. கடைசியில் ஒரு கருத்த தலை இலைகளை ஒதுக்கிக்கொண்டு வந்தது. பாம்புத் தலை, கை நீளம். டிரைவர் துண்டை விரித்து அதை அள்ளிக் கரையில் போட்டு மேலே விழுந்து படுத்துக்கொண்டார். வாயில் விரல் விடாதே, பல்லிருக்கும் என்று நான் கத்த, "எனக்கே சொல்றியா சார்," என்று அவர் கத்த, இருவரும் பைத்தியங்கள் போலச் சிரித்தோம்.

சிரிப்பு அடங்கிய பிறகுதான் அவர் கால்களைப் பார்த்தேன். ஒரு காலில் காலணி, மற்றதில் சேறு.

"வூட்ல சொல்லாத சார்," என்றார். "சொன்னா உன் கம்பும் போவும், என் இட்லியும் போவும்."

சொல்லவில்லை. அன்றைக்கு விரால் குழம்பு. மனைவி இரண்டு முறை போட்டுக்கொண்டார். எனக்குப் பழைய பெட்டி ஒன்று நினைவுக்கு வந்தது. தொழிற்சாலையில் நூலிழையில் தப்பிய சம்பவங்களை எழுதிப் போட வாசலில் ஒரு பெட்டி வைத்திருந்தேன். வருடம் முழுக்கக் காலியாகவே இருக்கும். ஒரே ஒரு முறை சாம்பாரில் பருப்பு இல்லை என்று ஒரு சீட்டு இருந்தது. இந்த ஆட்களுக்குப் பொறுப்பே கிடையாது என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசியிருக்கிறேன். எழுதினால் எது பறிபோகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அது புரிய ஒரு விரால் தேவைப்பட்டது. ஆனால் எழுதாமல் விட்டால் அடுத்த ஆளுக்கும் நான் அதே காலணியைத்தானே கொடுப்பேன்?

மூன்றாம் நாள் ஒரு முழுத் தாளில் அறிக்கை எழுதி மனைவி முன்னால் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டார். ஓய்வு பெற்றும் அந்தக் கை தானாகவே பேனாவைத் தேடும்.

"மூல காரணம், களிமண்ணில் கனமான காலணின்னு போட்டிருக்கீங்க. காலணி தானா நடந்து போய் அவர் கால்ல ஏறிச்சா?"

"நான்தான் போடச் சொன்னேன்."

"அப்போ அதை எழுதுங்க."

எழுதினேன். அவர் கீழே படித்துக்கொண்டே போனார். 'கரையில் இருந்தவருக்கு நீச்சல் தெரியாது' என்ற வரியில் பேனா நின்றது.

"கல்யாணம் ஆகி முப்பத்தஞ்சு வருஷம். மாமல்லபுரத்துல பிள்ளைங்களை அலைக்குள்ள கூட்டிக்கிட்டுப் போவீங்க. நான் கரையில தைரியமா உக்காந்திருப்பேன்."

அந்த வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டார். அவரே நாற்காலியில் ஏறிக் கம்பைப் பரணில் வைத்தார். நான் கெஞ்சவில்லை, அது ஒப்பந்தம். இறங்கி வந்து, அறிக்கையில் 'திருத்த நடவடிக்கை' என்ற இடத்தில் அவர் கையாலேயே எழுதினார்: இனிக் கரையிலிருந்து மட்டும் வீச்சு. லேஸ் இல்லாத, கால் உதறினால் கழலும் கான்வாஸ் காலணி. பொறுப்பாளர் ஒரு நிமிடம் யார் உதவியும் இல்லாமல் மிதந்து காட்டும் வரை கம்பு இறங்காது. சரிபார்ப்பவர் என்ற இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டார்.

டிரைவரின் சொந்தக்காரர் ஒருவருக்கு இன்னும் விற்காத ஒரு துண்டு நிலமும் பம்புசெட்டும் இருந்தன. நெஞ்சளவு ஆழத் தொட்டி. காலை எட்டு மணிக்கு நான் அரைக்கால் சட்டையோடு அதில் நின்றேன். டிரைவர் என் முதுகுக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்திருந்தார். மனைவி தொட்டி விளிம்பில், நனையாமல் புடவையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒடம்ப மரக்கட்ட மாதிரி வெச்சுக்காத சார். வயித்த மேல தூக்கு. மூச்ச இழு. நான் கைய எடுக்கறேன்."

"எடுக்காதேய்யா!"

"எடுத்து ரொம்ப நேரமாச்சு சார்."

காதுகள் தண்ணீருக்குள் இருந்தன. பம்பு ஓடும் சத்தம் எங்கோ தொலைவில் கேட்டது. மேலே வானம் மட்டும். என் கீழே யாருடைய கையும் இல்லை! அறுபத்து மூன்று வயதில் என் எடையை ஏதோ ஒன்று தாங்குகிறது! கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் மூழ்கிவிடுவேன் என்று வாயை மூடிக்கொண்டேன். மனைவி வகுப்பறைக் குரலில் எண்ணிக்கொண்டிருந்தார். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. நாற்பத்தொன்றில் சிரிப்பு வந்து மூழ்கினேன்.

மூக்கில் தண்ணீரோடு எழுந்து நின்றேன். "ரவுண்டு பண்ணிக்கலாமே," என்றேன்.

"கணக்குல அந்த வேலை எல்லாம் கிடையாது," என்றார் அவர். "மறுபடி படுங்க."